தவளையின் தோலும் தண்ணீர்க் கணக்கும்

ஐப்பசி மழை ஓய்ந்த இரவில் வயற்பக்கம் காது கொடுத்தால் தவளைகளின் கச்சேரி கேட்கும். இத்தனை தவளைகளும் சித்திரை வெயிலில் எங்கே போயிருந்தன என்று நீங்கள் எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியனுக்குத் தவளையோடு என்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள். மின்னோட்டத்தைப் பற்றிய நமது அறிவே ஒரு வகையில் தவளையின் காலிலிருந்துதான் தொடங்கியது. இத்தாலியில் லூயிஜி கால்வானி என்பவர், இறந்த தவளையின் கால் உலோகங்கள் பட்டதும் துடிப்பதைக் கண்டு, அதைப்பற்றி 1791இல் எழுதினார். அதை ஏற்காமல் வாதாடிய வோல்ட்டா, தம் கட்சியை நிலைநாட்ட முற்பட்டபோது பிறந்ததே மின்கலம். ஆகவே நாங்கள் தவளைக்குக் கடன்பட்டவர்கள். அந்தக் கடனில் கொஞ்சத்தை இந்தக் கட்டுரையில் தீர்க்கப் பார்க்கிறேன்.

நாம் போகப்போவது நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவற்றின் வெப்பமண்டலக் காடுகளுக்கும், அவற்றை ஒட்டிக் கிடக்கும் சவானாப் புல்வெளிகளுக்கும். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட தவளை, தேரை இனங்கள் 7,500க்கும் மேல். அவற்றில் 1,100க்கும் மேற்பட்டவை பிரேசில் என்ற ஒரே நாட்டில் உள்ளன. இத்தனை இனங்கள் அங்கே எப்படிப் பிழைக்கின்றன, இப்போது ஏன் மறைகின்றன என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடையைத் தவளையின் தோலில் தேடலாம் என்பது என் எண்ணம்.

தோலே வாய், தோலே மூக்கு

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோலை ஈர மண்ணில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, மை ஒற்றும் தாள் மையை இழுப்பது போல நீரை உறிஞ்சிக்கொள்கிறது. நுரையீரல் இருந்தபோதிலும் மூச்சில் ஒரு பங்கைத் தோல் வழியாகவே நடத்துகிறது. ஆக்சிஜன் கரைந்து உள்ளே போக வேண்டுமானால் தோல் மெல்லியதாகவும் ஈரமாகவும் இருந்தாக வேண்டும். சௌகரியம்தான். ஆனால் நீரை உள்ளே விடும் கதவு வெளியேயும் விடுமல்லவா? பெரும்பாலான தவளைகளின் தோலிலிருந்து நீர் ஆவியாகும் வேகம், திறந்த கிண்ணத்து நீர் ஆவியாகும் வேகத்திற்கு ஏறக்குறைய சமம். வறண்ட காற்றில் உட்கார்ந்திருக்கும் தவளை, கொடியில் காயப்போட்ட ஈரத்துணி மாதிரிதான்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 30 டிகிரி செல்சியஸில் நீரின் தெவிட்டிய ஆவி அழுத்தம் ஏறத்தாழ 32 மி.மீ. பாதரசம். காற்றின் ஈரப்பதம் 95 சதவீதமாக இருந்தால், தெவிட்டுவதற்குக் காற்றில் எஞ்சியிருக்கும் இடம் 32இல் 5 சதவீதம், அதாவது 1.6 மி.மீ. ஈரப்பதம் 30 சதவீதமானால் அந்த இடம் 22.4 மி.மீ. ஆகிவிடும். ஆவியாதலை இழுக்கும் விசை 14 மடங்கு. (தோல் ஆவியாதலால் குளிர்வதால் உண்மையான வேறுபாடு இதைவிடக் குறைவாக இருக்கும், ஈரக்குமிழ் வெப்பமானியைக் கையாண்டவர்களுக்கு இது புரியும்.) முதல் நிலை மழைக்காட்டின் தரைமட்டம். இரண்டாவது, கோடைக்கால சவானாவின் பிற்பகல்.

அடுத்து உடலின் அளவு. பக்கம் 4 செ.மீ. உள்ள கனசதுரத்தின் பரப்பு 96 சதுர செ.மீ.; கன அளவு 64 கன செ.மீ. ஒவ்வொரு கன செ.மீ.க்கும் ஒன்றரை சதுர செ.மீ. பரப்பு. பக்கத்தை 2 செ.மீ. ஆக்குங்கள்: பரப்பு 24, கன அளவு 8, விகிதம் மூன்று. உருவம் சிறுத்தால் உள்ளே இருக்கும் நீர் குறைவு, அதை இழக்கும் வாசல் ஒப்பீட்டில் பெரிது. ஆகவே சின்னத் தவளைக்குத்தான் வறட்சி பெரிய எமன்.

இதைக் காகிதத்தில் மட்டும் பார்த்தால் போதாது. கடற்பாசியைக் கடைகளில் சைனா கிராஸ் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். அதைக் கொதிக்கவைத்து ஒரு பெரிய கிண்ணத்திலும் ஒரு சிறிய மூடியிலும் வார்த்துக் கட்டியாக்குங்கள். இரண்டையும் பள்ளித் தராசில் நிறுத்து, நிழலில் தட்டில் வைத்து, மணிக்கொருமுறை மீண்டும் நிறுங்கள். இழந்த எடையைத் தொடக்க எடையால் வகுத்து வரைபடம் போடுங்கள். மின்விசிறிக் காற்றில் ஒரு நாள், ஈரத் துணியால் மூடிய வாளிக்குள் ஒரு நாள் செய்து பாருங்கள். விளையாட்டு என்று நினைக்காதீர்கள். தவளைகளை ஆராய்பவர்களும் இதே அகர்க் கூழில் தவளைப் பொம்மை வார்த்துக் காட்டின் பல இடங்களில் வைத்து, எந்த இடம் தவளைக்கு ஒத்துக்கொள்ளும் என்று அளக்கிறார்கள்.

ஒரே காட்டில் எண்பது வகை

அமெரிக்க விலங்கியல் அறிஞர் வில்லியம் டூயல்மன், ஈக்வடார் நாட்டின் அமேசான் பகுதியில் சாந்தா சிசிலியா என்ற இடத்தில் பல ஆண்டுகள் தவளைகளைக் கணக்கெடுத்தார். சில சதுர கி.மீ. பரப்புக்குள் அவர் கண்ட தவளை இனங்கள் 80க்கும் மேல். அமெரிக்க ஐக்கிய நாடுகள் முழுவதையும் சல்லடையிட்டாலும் ஏறத்தாழ 100 இனங்களே தேறும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த எண்ணின் பெருமை விளங்கும். 1978இல் அவர் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். அந்தக் காட்டின் பெரும்பகுதி பின்னாளில் எண்ணெய்க்காகப் போட்ட சாலைகளைத் தொடர்ந்து வந்த குடியேற்றத்தில் போய்விட்டது.

காற்றே ஈரமாக இருப்பதால் அந்தக் காட்டில் தவளை தண்ணீரை விட்டு விலகி வாழ முடிகிறது. சருகுக்குள் ஒன்று, புதரின் இலையில் ஒன்று, மர உச்சியில் ஒன்று, ஓடைப் பாறையில் ஒன்று என்று அடுக்குமாடிக் குடித்தனம் நடக்கிறது. முட்டையிடும் விஷயத்தில்தான் இந்தப் பிரிவினை மிகச் சுவையானது. தவளை முட்டைக்குக் கோழிமுட்டை போல ஓடு கிடையாது. ஓடில்லாத முட்டை காயாமலிருக்க வேண்டும். அதே சமயம் குளத்திலுள்ள மீனும் பூச்சியும் தின்னாமலிருக்க வேண்டும். இந்த ஒரே சிக்கலுக்கு உலகத் தவளைகள் 39 விதமான தீர்வுகள் கண்டுள்ளன என்று பிரேசில் ஆய்வாளர்களான ஹடாட், பிராடோ இருவரும் 2005இல் தொகுத்துக் காட்டினர். அவற்றில் 27 வகைகள் பிரேசிலின் கிழக்குக் கரையோரமுள்ள அட்லாண்டிக் காட்டிலேயே காணக்கிடைத்தன.

சிலவற்றைச் சொல்கிறேன். கொல்லன் தவளை என்று பிரேசில் மக்கள் அழைக்கும் பெரிய மரத்தவளை இருக்கிறது. பட்டறையில் சம்மட்டி அடிப்பது போல் கத்துவதால் இந்தப் பெயர். ஆண் தவளை குளத்து ஓரச் சேற்றை உடலால் தள்ளிக் கரை கட்டி ஒரு சிறு தொட்டி செய்கிறது. முட்டைகள் அந்தத் தனித் தொட்டியில் மிதக்கும். மீன்கள் கரைக்கு வெளியே. நடு அமெரிக்காவின் சிவப்பு நச்சுத் தவளையோ குளத்துப் பக்கமே போவதில்லை. அன்னாசிக் குடும்பத்துச் செடிகள் மரக்கிளைகளில் தொற்றி வளர்கின்றன. அவற்றின் இலைக்கக்கங்களில் மழைநீர் தேங்கும். தாய் தன் தலைப்பிரட்டைகளை முதுகில் சுமந்து ஏறி, ஒரு கக்கத்திற்கு ஒன்றாக விடுகிறது. பிறகு சில நாட்களுக்கொருமுறை வந்து, கருவுறாத முட்டைகளை இட்டு உணவூட்டிப் போகிறது. ஒரு தேக்கரண்டித் தண்ணீரில் ஒரு பிள்ளை!

சிவப்புக் கண் மரத்தவளையின் கதை என் போன்றவர்களுக்கு இன்னும் பிடித்தது. இது குளத்திற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இலையில் முட்டையிடுகிறது. ஆறேழு நாட்களில் பொரித்துக் குஞ்சுகள் நீரில் விழும். இடையில் பாம்பு வந்து முட்டைக் கொத்தைக் கடித்தால், நான்கு நாளே ஆன கருவும் சில நொடிகளில் பொரித்துக்கொண்டு நீரில் குதித்துத் தப்பிவிடுகிறது! சரி, காட்டில் தினமும் மழை பெய்கிறதே, மழைத்துளி விழுந்தாலும் இலை அதிருமே, அப்போது ஏன் பொரிப்பதில்லை? காரன் வார்கெண்டின் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் முட்டைக் கொத்துக்குள் சிறிய முடுக்கமானியைப் பொருத்தி அதிர்வுகளைப் பதிவு செய்தார்கள். மழையின் அதிர்வுகள் குறுகியவை, அடுக்கடுக்காக வருபவை. பாம்பின் அதிர்வுகள் நீண்டவை. அவற்றிடையே இடைவெளியும் நீண்டது. பதிவு செய்ததைத் திரும்ப முட்டைகளுக்கு அளித்தபோது, பாம்பின் தாளத்திற்கே அதிகம் பொரித்தன. கண் காது முழுதாகத் திறக்காத கரு, அதிர்வின் காலத்தையும் இடைவெளியையும் அளக்கிறது.

தலைப்பிரட்டைப் பருவத்தையே விட்டுவிட்ட தவளைகளும் உண்டு. அட்லாண்டிக் காட்டு மலைகளில் பரங்கிக்காய் நிறத்தில் குறுந்தேரைகள் வாழ்கின்றன. ஈரச் சருகுக்கடியில் இடும் முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, குட்டித் தேரையாகவே வெளிவருகின்றன. இவற்றில் ஓர் இனத்தின் ஆண், 6.5 மி.மீ.க்கும் குறைவான நீளத்திலேயே முழு வளர்ச்சி அடைந்துவிடுகிறது. முதுகெலும்புள்ள பிராணிகளில் இதைவிடச் சிறியது இதுவரை அறியப்படவில்லை. நான் சொன்ன கனசதுரக் கணக்கை இதற்குப் போட்டுப் பாருங்கள். ஈரச் சருகு இல்லாத ஒரு பிற்பகலைக்கூட இது தாங்காது.

அளவு சிறுத்ததால் இதற்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தத் தேரை தாவும். ஆனால் காற்றிலேயே நிலைதடுமாறிக் குட்டிக்கரணம் போட்டு மல்லாக்க விழும். நம் காதுக்குள் அரைவட்டக் குழல்கள் உள்ளன அல்லவா? தலை சுழலும்போது அவற்றிலுள்ள திரவம் நகர்வதால்தான் நமக்குச் சமநிலை தெரிகிறது. குழலின் விட்டம் பாதியானால் அதில் பாயும் திரவத்தின் அளவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்ற பாய்சொய் விதியை மேல்நிலை வகுப்பில் படிப்பீர்கள். இத்தேரைகளின் குழல்கள் மிகமிக நுண்ணியவை. திரவம் போதுமான அளவு நகர்வதில்லை. 2022இல் வெளிவந்த ஆய்வொன்று, இதுவே தடுமாற்றத்திற்குக் காரணம் என்று விளக்கியது.

வறண்ட நிலத்து வித்தைகள்

பிரேசிலின் நடுப்பகுதியில் செராடோ என்னும் சவானா பரந்து கிடக்கிறது. முன்பு அதன் பரப்பு ஏறத்தாழ 20 லட்சம் சதுர கி.மீ.; நம் இந்தியாவில் ஐந்தில் மூன்று பங்கு. புல்வெளி, இடையிடையே தடித்த பட்டையுடைய கோணல் மரங்கள், பள்ளங்களில் பனைகள் நிற்கும் ஈரநிலம், ஆற்றோரம் மட்டும் அடர்ந்த காடு. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மழை. மே முதல் செப்டம்பர் வரை துளி விழுவதே அபூர்வம். நமது 14 மடங்குக் கணக்கின்படி இங்கே தவளையே இருக்கக் கூடாது. ஆனால் 2012இல் எடுத்த கணக்கில் செராடோவில் 209 இருவாழ்வி இனங்கள் இருந்தன; அவற்றுள் பாதிக்குமேல் வேறெங்கும் இல்லாதவை.

பெரும்பாலானவை கையாளும் வழி எளிது: மண்ணுக்குள் போய்விடுவது. இரண்டு முழம் தோண்டினால் மண்ணில் ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும் என்பதை நம் ஊர் உழவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். முதல் மழையில் வெளிவந்து, சில இரவுகளில் கூடிக் கத்தி முட்டையிட்டு முடித்துக்கொள்கின்றன. ஆனால் முதல் மழையில் தேங்கும் குட்டை ஒரு வாரத்தில் வற்றிவிட்டால்? அதற்கும் ஒரு தவளை வழி கண்டிருக்கிறது. தென் அமெரிக்கச் சவானாக்களில் பரவலாக உள்ள சீட்டித் தவளை (அதன் குரல் அப்படி) குட்டை உருவாகப்போகும் இடத்தின் ஓரத்தில் மழைக்கு முன்பே மண்ணில் ஓர் அறை குடைகிறது. ஆணும் பெண்ணும் உள்ளே சென்று, முட்டையோடு வெளிப்படும் பசையைக் காலால் கடைந்து நுரையாக்கி, நுரைக்குள் முட்டைகளை வைக்கின்றன. முட்டை வெண்கருவை அடித்து நுரையாக்கிப் பார்த்திருக்கிறீர்களா? அதே கதைதான். வெளிப்புறம் சற்றுக் காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். பொரித்த தலைப்பிரட்டைகள் அறைக்குள்ளேயே, தாங்களும் நுரை உண்டாக்கிக்கொண்டு, பெருமழைக்குக் காத்திருக்கின்றன. வெள்ளம் அறையை நிரப்பும் நாளில் வளர்ந்த பிள்ளைகளாகக் குட்டைக்குள் நீந்திப் போகின்றன. குட்டையில் புதிதாக முட்டையிடும் தவளைகளைவிட இவை பல நாட்கள் முந்திக்கொண்டன.

செராடோவின் அண்டை நிலங்கள் இன்னும் கடுமையானவை. வடகிழக்கில் காட்டிங்கா என்ற முட்புதர் நிலம். அங்கே ஒரு மரத்தவளைக்கு மண்டை ஓட்டோடு தோல் ஒட்டிப்போய்க் கேடயம் போலிருக்கும். பாறை வெடிப்பிலோ மரப்பொந்திலோ பின்பக்கமாக நுழைந்து, வாசலைத் தன் தலையாலேயே அடைத்துக்கொள்கிறது. நீரிழப்பும் குறையும், எதிரியும் நுழைய முடியாது. தலையில் நச்சுடன் கூடிய நுண்முட்கள் இருப்பது 2015இல் வெளியாயிற்று. தென்மேற்கில் சாக்கோ என்ற வறள்நிலம் அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா நாடுகளில் விரிந்துள்ளது. அங்கே ஒரு மரத்தவளை, தோற்சுரப்பிகளிலிருந்து வரும் மெழுகைக் கைகால்களால் உடல் முழுதும் தேய்த்துக்கொள்கிறது. நாம் தீபாவளியன்று எண்ணெய் தேய்ப்பது போல, ஓர் இடம் விடாமல். பிறகு கிளையில் அசையாமல் உட்கார்ந்துவிடும். சிறுநீரில் நீர் வீணாகாதபடி பறவைகளைப் போல யூரிக் அமிலமாகக் கழிக்கிறது. இதன் நீரிழப்பு பல்லி, ஓணான்களின் அளவுக்கே குறைந்துவிடுகிறது. அதே சாக்கோவில் இன்னொரு தவளை, வற்றிய குளத்தின் சேற்றுக்குள் புதைந்து, உரித்த தோலைக் களையாமல் அடுக்கடுக்காக மேலே சேர்த்துக்கொண்டு உறைக்குள் உறங்குகிறது.

இவற்றையெல்லாம் படித்த பிறகு சவானாவை வெறும் புறம்போக்கு என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா? ஆனால் சட்டமே அப்படித்தான் நினைக்கிறது. பிரேசிலின் 2012ஆம் ஆண்டு வனச் சட்டப்படி, அமேசான் காட்டுப் பகுதியில் நிலம் உடையவர் அதில் 80 சதவீதத்தை இயற்கையாக விட்டுவைக்க வேண்டும். செராடோவில் 20 சதவீதம் போதும் (அமேசான் நிர்வாக எல்லைக்குள் வரும் பகுதியில் மட்டும் 35). மழைக்காடு என்றால் உலகமே பதறுகிறது. புல்வெளிக்குப் பரிந்து பேச ஆளில்லை. விளைவு, செராடோவில் ஏறத்தாழ பாதி ஏற்கெனவே சோயா வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறிவிட்டது. வேறு சில இடங்களில் தைலமரம் நட்டிருக்கிறார்கள். மரம் நடுவது எங்கும் நன்மை என்று நாம் பழகிவிட்டோம். திறந்த வெளியில் பாடி, திறந்த குட்டையில் முட்டையிடும் தவளைக்கு நெருக்கமாக நட்ட தைலமரத் தோப்பு வீடாகாது.

வீடு மேட்டில், தொட்டில் பள்ளத்தில்

அட்லாண்டிக் காட்டுக்குத் திரும்புவோம். அதில் இன்று எஞ்சியிருப்பது, அளக்கும் முறைக்கேற்ப, 12 முதல் 28 சதவீதம் வரை என்கிறார்கள். எவ்வளவு எஞ்சியது என்பதோடு எங்கே எஞ்சியது என்பதையும் பார்க்க வேண்டும் என்று 2007இல் பெக்கர் என்பவரும் அவருடன் நான்கு பிரேசில் ஆய்வாளர்களும் எழுதினார்கள். மனிதன் முதலில் எந்த நிலத்தைத் திருத்துவான்? ஓடையோரப் பள்ளத்தைத்தான். காடு மேட்டில் துண்டுதுண்டாக மிஞ்சும். பெரும்பாலான தவளைகளுக்கு வளர்ந்தபின் வாழும் வீடு காடு. பிள்ளைகளின் தொட்டில் ஓடை. இரண்டுக்கும் நடுவே இப்போது மேய்ச்சல் வெளி.

அந்த வெளியை ஒரு தவளையின் நிலையில் நின்று பாருங்கள். வளர்ந்த தவளை ஓடைக்குப் போய்வர வேண்டும். அதைவிட மோசம், ஓடையிலிருந்து கரையேறும் விரல்நகம் அளவுள்ள குட்டி, வெயிலும் காற்றும் அடிக்கும் புல்லைக் கடந்து மேட்டுக் காட்டைச் சேர வேண்டும். நமது சின்னக் கனசதுரம்தான் அது. ஆய்வில் தெரியவந்தது இதுவே: காடும் ஓடையும் எந்த அளவு பிரிந்திருக்கின்றனவோ, அந்த அளவுக்கு நீரில் தலைப்பிரட்டைப் பருவம் கழிக்கும் இனங்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது. ஓடையே தேவைப்படாத, பரங்கித் தேரை போன்றவற்றை இந்தப் பிரிவு பாதிக்கவில்லை. ஆகவே காட்டின் மொத்தப் பரப்பு ஒரே அளவாக இருந்தாலும், ஓர் ஓடையைச் சேர்த்துக்கொண்டதா இல்லையா என்பதைப் பொறுத்துத் தவளைகளின் தலைவிதி மாறுகிறது.

மேலே சொன்ன வனச் சட்டம் 10 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடைகளுக்கு இரு கரையிலும் 30 மீட்டர் காடு வேண்டும் என்கிறது. ஆனால் 2008க்கு முன்பே வெட்டியவர்களில் மிகச் சிறு நிலக்காரர்கள் 5 மீட்டர் மீட்டுக்கொடுத்தால் போதும் என்று விலக்கும் அளித்திருக்கிறது. சிறு விவசாயியின் கஷ்டமும் கஷ்டம்தான். அதை எள்ளி நகையாட நான் தயாரில்லை. ஆனாலும் 5 மீட்டர் என்பது நம் வகுப்பறையின் அகலம்கூட இல்லை.

மரம் வெட்டாமலே காலியான காடு

இதுவரை சொன்னது காட்டை வெட்டினால் வரும் கேடு. வெட்டாத காட்டிலும் தவளைகள் மறைந்தன என்பதுதான் விஞ்ஞானிகளைத் திகைக்கவைத்தது. கோஸ்ட்டா ரிக்கா நாட்டின் மான்ட்டிவெர்டே மலையில் மேகம் தவழும் காடு ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. அங்கே மட்டும் பொன்தேரை என்ற இனம் இருந்தது. ஆண்கள் ஒளிரும் ஆரஞ்சு நிறம். 1987இல் மார்த்தா கிரம்ப் என்ற ஆய்வாளர் முட்டையிடக் கூடிய 1,500க்கும் மேற்பட்ட தேரைகளைப் பார்த்தார். 1988இல் விரல்விட்டு எண்ணக்கூடிய சில. 1989இல் ஒரே ஓர் ஆண். அதற்குப் பிறகு எவரும் பார்க்கவில்லை. 2004இல் அது அற்றுப்போன இனமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளின் எல் நினோ வறட்சியே முதன்மைக் காரணம் என்று ஒரு சாராரும், இனி நான் சொல்லப்போகும் பூஞ்சையே என்று இன்னொரு சாராரும் வாதிடுகிறார்கள்.

பனாமாவிலும் ஆஸ்திரேலியாவிலும் செத்துக்கிடந்த தவளைகளின் தோலில் 1998இல் ஒரு பூஞ்சை கண்டறியப்பட்டது. கைட்ரிட் வகுப்பைச் சேர்ந்தது. இதன் வித்துகள் வாலுடன் நீரில் நீந்தும். நடு அமெரிக்காவில் அது மலைத்தொடர் வழியே மேற்கிலிருந்து கிழக்கே அலைபோல நகர்ந்தது. கோஸ்ட்டா ரிக்காவிலும் மேற்குப் பனாமாவிலும் தவளைகள் மறைந்ததை நேரில் கண்ட காரன் லிப்ஸ் என்பவர், அடுத்து எங்கே வரும் என்று கணித்து, பனாமாவின் எல் கோப்பே என்ற காட்டில் முன்கூட்டியே சென்று கணக்கெடுக்கத் தொடங்கினார். அலையின் வேகம் தெரிந்தால் வந்துசேரும் நேரம் தெரியும். நாம் வகுப்பில் போடும் கணக்குதான். ஆனால் இந்தக் கணக்கு தவறாக வேண்டும் என்றே அவர் விரும்பியிருப்பார். 2004 இறுதியில் நோய் வந்தது. சில மாதங்களில் ஓடைக்கரைகளில் பிணங்கள். அங்கிருந்த 74 இருவாழ்வி இனங்களில் 30 இனங்கள் அந்த இடத்தைவிட்டே மறைந்தன. அவற்றில் சில, பெயர் வைக்கப்படும் முன்பே போய்விட்டவை.

தோலில் மட்டும் வளரும் ஒரு பூஞ்சை உயிரைக் கொல்வது எப்படி? இங்கே கால்வானியின் தவளை மீண்டும் வருகிறது. தவளையின் தோலுக்கு உள்ளும் புறமும் மின்னழுத்த வேறுபாடு உண்டு என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். அந்தத் தோல் வெளியிலுள்ள நீரிலிருந்து சோடியம் அயனிகளை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது என்பதை டென்மார்க்கின் உஸ்ஸிங் 1950களில் அழகாக அளந்து காட்டினார். பூஞ்சை பிடித்த தோலில் இந்த வேலை கெட்டுப்போகிறது. இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைகின்றன. இதயத்தை இயக்கும் மின்துடிப்பு தடுமாறி நின்றுவிடுகிறது. 2009இல் இது நிறுவப்பட்டது. மனிதனுக்குத் தோலில் படை வந்தால் அரிப்போடு போகும். தவளைக்குத் தோல் என்பது வாயும் மூக்கும் சிறுநீரகத்தின் ஒரு பகுதியும் என்பதால் உயிரே போகிறது.

இந்தப் பூஞ்சை 17 முதல் 25 டிகிரி வரையிலான குளிர்ந்த ஈரத்தில் நன்றாக வளரும். 28 டிகிரிக்கு மேல் தளர்ந்துவிடும். எந்த ஈரமும் குளிர்ச்சியும் மலைக்காட்டில் அத்தனை இனங்களை வாழவைத்தனவோ, அவையே எமனுக்கும் வசதி செய்து கொடுத்தன. வெயில் காயும் சமவெளியில் இந்த நோயின் கொடுமை குறைவு. அங்கே ஏர் வந்துவிட்டது. பூஞ்சையின் மூலம் கொரியத் தீபகற்பம் என்றும், 20ஆம் நூற்றாண்டில் உயிருள்ள தவளைகளை நாடுவிட்டு நாடு விற்ற வணிகமே அதைப் பரப்பியது என்றும் 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வு சொல்கிறது. 2019இல் எடுத்த கணக்குப்படி, உலகில் குறைந்தது 501 இருவாழ்வி இனங்கள் இதனால் குறைந்துள்ளன. 90 இனங்கள் அற்றுப்போனதாகக் கருதப்படுகின்றன. கேடு தவளையோடு நிற்கவுமில்லை. எல் கோப்பேயில் தவளைகளைத் தின்றுவந்த பாம்புகளும் குறைந்தன. கோஸ்ட்டா ரிக்காவிலும் பனாமாவிலும் இந்த அலை கடந்துபோன பகுதிகளில் அடுத்த சில ஆண்டுகள் மலேரியா அதிகரித்ததாக 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. தவளைகளும் தலைப்பிரட்டைகளும் இல்லாததால் கொசு பெருகியிருக்கலாம் என்பது அவர்கள் தரும் விளக்கம்.

பனாமாவின் பொன்தவளை இப்போது விலங்குக் காட்சிச்சாலைகளின் கண்ணாடித் தொட்டிகளில் இனப்பெருக்கம் செய்கிறது; காட்டில் அதைக் கண்டு பல ஆண்டுகளாகின்றன. வெளியே விட்டால் பூஞ்சை காத்திருக்கிறது. ஆயினும் எல்லாமே போய்விடவில்லை. ஈக்வடாரின் வடமேற்கிலுள்ள இன்ட்டாக் பள்ளத்தாக்கில், அற்றுப்போனதாக எழுதிவிட்ட நீள்மூக்குத் தவளை ஒன்று 2016இல் மீண்டும் அகப்பட்டது. எப்படியோ நோயைத் தாங்கிய சிறு கூட்டம். அது வாழும் ஓடைகளின் மேல்பகுதியில் செம்புச் சுரங்கம் தோண்ட உரிமம் தரப்பட்டிருந்தது. ஈக்வடாரின் 2008ஆம் ஆண்டு அரசியல் சட்டம் இயற்கைக்கும் உரிமைகள் உண்டு என்று சொல்கிறது. அதை வைத்து ஊர்மக்களும் உயிரியலாளர்களும் வழக்காடினார்கள். வழக்கில் அந்தத் தவளையின் பெயரும், அதே ஓடையில் வாழும் இன்னொரு சிறு தவளையின் பெயரும் இருந்தன. முதல் நீதிமன்றத்தில் தோல்வி. மேல்முறையீட்டில், 2023 மார்ச்சு மாதம், மாகாண நீதிமன்றம் சுரங்க உரிமத்தை ரத்து செய்தது. அந்த ஓடைகளில் தண்ணீர் இப்போதைக்குத் தெளிவாக ஓடிக்கொண்டிருக்கிறது.